சமூகப் பெயர்ச்சி

ஒருவரோ ஒரு குடும்பமோ சமூகத்தில் இருந்த நிலையிலிருந்து வேறு நிலைக்குப் போவதுதான் சோஷியல் மொபிலிட்டி. அதைச் 'சமூக நகர்வு' என்று எழுதுகிறோம். தவறில்லை. லத்தீனில் மொபிலிஸ் என்றால் நகரக்கூடியது என்றுதான் பொருள். எனக்கு மட்டும் 'சமூகப் பெயர்ச்சி' இன்னும் பிடிக்கும். காவிரிப் படுகையில் இதை யாருக்கும் விளக்க வேண்டாம். ஆலங்குடிக்குக் குருப்பெயர்ச்சி, திருநள்ளாற்றுக்குச் சனிப்பெயர்ச்சி. பெயர்தல் என்றால் இருந்த இடத்தை விட்டு வேறிடம் போவது. மேலேயும் போகலாம், கீழேயும் வரலாம். அதனால் 'சமூக ஏற்றம்' சரிவராது.

சமூகவியலாளர் பிதிரிம் சொரோகின் 1927-இல் எழுதிய நூலுக்குப் பிறகு சமூகவியலில் இந்தச் சொல் நிலைத்தது. பெற்றோர் இருந்த நிலையிலிருந்து பிள்ளைகள் மாறினால் அது தலைமுறைப் பெயர்ச்சி. தலைமுறையில் உள்ள 'முறை' எங்கள் பக்கத்து முறைப்பாசனத்தில் வரும் அதே முறைதான்: அவரவருக்கு வரும் வாய்ப்பு.

சரி, யாருடைய முறை? 1967-இல் அமெரிக்காவில் பிளா, டங்கன் என்ற இரு சமூகவியலாளர்கள் வெளியிட்ட பெரிய ஆய்வில் ஆண்கள் மட்டுமே இருந்தார்கள். அப்பாவுக்கு என்ன வேலை, மகனுக்கு என்ன வேலை என்பதே கணக்கு. அந்தக் கணக்கை இங்கே கொண்டுவந்தால், குனிந்து நாற்று நட்ட அம்மாவும் நர்ஸாகிவிட்ட மகளும் அட்டவணையின் எந்தக் கட்டத்திலும் வரமாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. குடும்பம் மேலே வந்ததும், "எங்க வீட்டுப் பொம்பளைங்க வயலுக்குப் போறதில்ல" என்பது கௌரவமாகிவிடுகிறது. வீடு பெயர்ந்தது. வயலுக்குப் போன பெண்ணின் கையில் இருந்த கூலி போயிற்று. இது எனக்கு உண்மையிலேயே வலிக்கும் இடம். வீட்டின் உயர்வை அவளுடைய உயர்வு என்று எழுத எனக்கு மனம் வருவதில்லை.

தாய் வழியாகவே ஒரு நிலை மகளுக்குப் போன கதையும் இந்த மண்ணில் இருக்கிறது. பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் தேவதாசி முறைதான் அது. அதை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் மயிலாடுதுறைப் பக்கத்து ஊர்க்காரர். 1947-இல் சென்னை மாகாணச் சட்டம் அந்த முறையை ஒழித்தது. அவர் பெயரில் 1989-இல் தொடங்கிய திருமண உதவித் திட்டம் 2022-இல் உயர்கல்வித் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேரும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய், அவளுடைய சொந்த வங்கிக் கணக்கிலேயே விழுகிறது.