ஃபைபர் போட்டுக்கு ரெண்டு எதிரி: மணலும் சுவரும்

காசிமேடு, நாகப்பட்டினம்னு எந்த மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனாலும் விசைப்படகு சைடுல பழைய லாரி டயர் வரிசையா தொங்கும். ஆனா கரையிலயே இழுத்து ஏத்துற ஃபைபர் போட்ட பாத்தா அடியில ஏரா பக்கம், அதாவது நடுவுல நீளமா ஓடுற முதுகெலும்பு பக்கம், கூடுதலா ஃபைபர் ஒட்டி தடிமனாக்கி வச்சிருப்பாங்க. ரெண்டுமே போட்ட காப்பாத்தத்தான், ஆனா ரெண்டும் வேற வேற சண்டை. உரசலுக்கு தேஞ்சாலும் பரவால்லன்னு ஒரு கெட்டியான பொருள் வேணும், மோதலுக்கு அமுங்கிக் கொடுக்கிற பொருள் வேணும்.

முதல்ல மணல். கனிமங்களோட கடினத்தை 1லேர்ந்து 10 வரைக்கும் அளக்குற மோஸ் அளவுகோல்ல கடற்கரை மணல்ல நிறைய இருக்குற குவார்ட்ஸ் 7, சாதா கண்ணாடி 5.5 பக்கம்தான், ஃபைபர் போட்ல கண்ணாடி நாரை ஒட்டிப் பிடிக்கிற பிசின், அதாவது ரெசின், இன்னும் கீழ. அப்போ டிராக்டர்ல கட்டி போட்ட மணல் மேல இழுத்தா யாரு தேய்வான்னு சொல்லவே வேணாம். மரம்னா பிரச்சனை கொஞ்சம் கம்மி, மேல இருக்கிற மரம்தான் உள்ளயும், தேஞ்சா தேஞ்சுட்டு போகுது. ஃபைபர் போட் அப்படி இல்ல, வெளிய ஜெல்கோட்னு சுமார் அரை மில்லிமீட்டர் தோல், அதுக்கு உள்ளதான் பாலியஸ்டர் ரெசின்ல ஊறின கண்ணாடி நார். அந்த தோல் போச்சுன்னா விளக்குத் திரியில எண்ணெய் ஏறுற மாதிரி தண்ணி நார் ஓரமாவே உள்ள ஏறும், ரெசினும் நாரும் பிடிச்சிருக்கிற பிடி மெல்ல மெல்ல விட்டுப்போகும். அதனாலதான் ஏராவுல எக்ஸ்ட்ரா லேயர், அது தேயுறதுக்குன்னே போட்டது. தேஞ்சதும் திரும்ப போட்டுடணும், அதுல கஞ்சத்தனம் பண்ணக்கூடாது.

அடுத்தது மோதல், எனக்கு பிடிச்ச கணக்கு இதுதான். 2 டன் போட் செகண்டுக்கு 1 மீட்டர் வேகத்துல, அதாவது நாம மெதுவா நடக்குற வேகத்துல, சுவர் பக்கம் வருதுன்னு வைங்க, அதோட இயக்க ஆற்றல் 1000 ஜூல். நேரா கான்கிரீட்ல இடிச்சு 1 சென்டிமீட்டருக்குள்ள நின்னா சராசரி விசை 1 லட்சம் நியூட்டன், கிட்டத்தட்ட 10 டன் எடை ஒரே இடத்துல உக்காந்த கதை. நடுவுல டயர் இருந்து 10 சென்டிமீட்டர் அமுங்கி நிறுத்துச்சுன்னா அது 1 டன்னா குறைஞ்சிடும். ஆற்றல் அதேதான், நிக்கிற தூரம்தான் கூடுது. அதோட ரப்பர் வாங்கின ஆற்றல் மொத்தத்தையும் திருப்பித் தராது, ஒரு பகுதியை சூடாக்கி விட்டுடும், அதனால போட் ரொம்ப எகிறாது. விசை பெரிய பரப்புல பரவுறது கூடுதல் லாபம். என்ன, டயர் கறுப்புக் கோடு போட்டுடும், அது அழகுப் பிரச்சனைதான். டயர் கிழிஞ்சு உள்ள இருக்கிற இரும்புக் கம்பி வெளிய நீட்டிட்டு இருந்தாதான் ஆபத்து, காப்பாத்த கட்டினதே ஜெல்கோட்ட கிழிச்சு வச்சிடும்.

இடி வாங்கின ஃபைபர்ல இன்னொரு வம்பு, வெளிய மயிரிழை மாதிரி நாலு விரிசல்தான் தெரியும், உள்ள லேயருங்க ஒன்ன விட்டு ஒன்னு பிரிஞ்சு கிடக்கும். காசால தட்டிப் பாத்தா ஓரளவு கண்டுபிடிக்கலாம், நல்ல இடத்துல கணீர்னு கேக்கும், பிரிஞ்ச இடத்துல மொத்துன்னு கேக்கும். அப்படி கேட்டா மேல புட்டி பூசி பெயின்ட் அடிக்கிறது சும்மா கண்துடைப்பு. பிரிஞ்சதை கிரைண்டர்ல எடுத்து, நல்லா காயவிட்டு, புதுசா கண்ணாடி நார் மேட் வச்சு ரெசின் போடணும். ஈரத்தோட மேல ஒட்டினா ரெசின் சரியா பிடிக்காது, அடுத்த தடவை மணல்ல இழுக்கும்போதே பத்தை பத்தையா உரிஞ்சு வந்துடும்.