ஊர்ந்தால்தான் ஊர்தி

எஞ்சின் 84 முறை சுழன்றால் சக்கரம் ஒரே ஒரு முறை சுழலும். ஜீப் கிளாடியேட்டர் என்ற அமெரிக்க பிக்கப் வண்டியின் ரூபிகான் வகையில், கையால் கியர் மாற்றும் மாடலின் கணக்கு இது. 285 குதிரைத்திறன் கொண்ட எஞ்சினைப் பொருத்திவிட்டு, அதன் சுழற்சியை இவ்வளவு கஞ்சத்தனமாகச் சக்கரத்துக்கு அனுப்புவானேன்? கார் விளம்பரங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு வண்டியின் பெருமை என்றால் வேகம்தான். காடுமேடு ஏறும் வண்டிக்காரர்களோ, எவ்வளவு மெதுவாகப் போக முடியும் என்றுதான் கேட்பார்கள். தமிழில் ‘ஊர்தல்’ என்றால் தரையோடு நகர்வது. ஏறிச் செலுத்துவதும் அதே சொல்தான். ‘ஊர்தி’ அதில் பிறந்தது. இந்த வண்டிக்கு இரண்டு பொருளும் ஒருசேரப் பொருந்துகின்றன.

2018 நவம்பர் கடைசியில் லாஸ் ஏஞ்சலிஸ் மோட்டார் கண்காட்சியில் கிளாடியேட்டர் அறிமுகமானது. ஜீப்பின் முந்தைய பிக்கப்பான கோமாஞ்சி 1992-இலேயே நின்றுபோயிருந்தது. இடைப்பட்ட கால் நூற்றாண்டில் அமெரிக்க பிக்கப்புகள் ஊதிப் பெருத்துவிட்டன. ஃபோர்டு எஃப்-150 போன்ற முழு அளவு வண்டி, பக்கவாட்டுக் கண்ணாடிகளைச் சேர்க்காமலே இரண்டு மீட்டர் அகலம். கிளாடியேட்டர் ஏறத்தாழ 1.87 மீட்டர். ஒரு சாணுக்கும் குறைவான இந்த வித்தியாசத்தை நெடுஞ்சாலையில் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். இரண்டு பாறைகளுக்கு நடுவே நுழையும்போது, கதவு பிழைக்குமா பிழைக்காதா என்பதை அதுதான் முடிவு செய்யும். நடுத்தர அளவு பிக்கப்புக்குத் திரும்பவும் மவுசு வந்ததற்கு இது ஒரு காரணம். 2011-இல் உற்பத்தியை நிறுத்திய ரேஞ்சரை ஃபோர்டு 2019-இல் மறுபடி அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

‘ரூபிகான்’ என்ற பெயர், கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில், தாஹோ ஏரிக்கு மேற்கே கிடக்கும் சுமார் 35 கிலோமீட்டர் தடத்திலிருந்து வந்தது. பாதை என்று சொல்வது உபசாரம். பெரும்பகுதி கிரானைட் குண்டுக்கற்கள். அங்கே ஒரு வண்டி என்ன பாடுபடும் என்பதைப் பார்த்தால் அந்த 84-இன் பொருள் விளங்கும்.

கணக்கை முதலில் பிரித்துப் பார்க்கலாம். முதல் கியரில் எஞ்சின் 5.13 முறை சுழன்றால் கியர்பெட்டியிலிருந்து வெளிவரும் தண்டு ஒருமுறை சுழலும். அடுத்து, சக்தியை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பிரித்தனுப்பும் இடைப்பெட்டி. சாதாரண ஓட்டத்தில் அது சுழற்சியை அப்படியே அனுப்பிவிடும். ‘லோ’ நிலைக்கு இழுத்தால் நான்கில் ஒன்றாகக் குறைக்கும். கடைசியாக அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரங்கள் 4.10-ஆல் குறைக்கும். மூன்றையும் பெருக்கினால் 84. கொழுக்குமலைக்குச் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் போனவர்கள், ஓட்டுநர் பெரிய கியர் கம்புக்குப் பக்கத்திலிருக்கும் குட்டைக் கம்பை இழுத்ததும் வண்டியின் குரலே மாறுவதைக் கேட்டிருப்பார்கள். அதே வேலைதான் இங்கேயும்.

எஞ்சின் சும்மா முனகிக்கொண்டிருக்கும் நிலையில் நிமிடத்துக்கு 700 சுற்று என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்துக்கு எட்டுச் சுற்று சொச்சம் போய்ச்சேரும். 33 அங்குல டயரின் சுற்றளவு 2.6 மீட்டர். ஆக, வண்டி நிமிடத்தில் 22 மீட்டர் நகரும், மணிக்கு 1.3 கிலோமீட்டர். தேர் அசைவதைப்போல என்று சொன்னால் மிகையில்லை. கிளட்சை முழுக்க விட்டுவிட்டு, ஆக்ஸிலரேட்டர், பிரேக் இரண்டிலிருந்தும் காலை எடுத்துவிடலாம். வண்டி தானே கல்மேல் ஏறும். முன்னால் ஒருவர் பின்பக்கமாக நடந்தபடி, இடது, வலது, நில் என்று கையசைத்து வழிகாட்டுவார். நம் லாரி கிளீனர் ‘வரலாம், வரலாம்’ என்று பக்கவாட்டில் தட்டிச் சொல்லும் அதே உத்தியோகம்.

சுழற்சி குறையும் அளவுக்குத் திருகுவிசை கூடும் என்பது பல்சக்கரத்தின் பழைய விதி. இந்த எஞ்சினின் உச்சத் திருகுவிசை 353 நியூட்டன் மீட்டர். அதை 84-ஆல் பெருக்கி, டயரின் ஆரத்தால் வகுத்தால், தரையை உந்தும் விசை கிட்டத்தட்ட ஏழு டன் எடைக்குச் சமமாக வருகிறது. உராய்வு இழப்புகளைக் கழித்தாலும் ஆறு டன் தேறும். வண்டியின் எடையோ சுமார் 2.3 டன்தான். காய்ந்த பாறையில்கூட, டயர் வழுக்காமல் தரையைப் பற்றும் விசை வண்டியின் எடையைப் பெரிதாகத் தாண்டாது. அதாவது, எஞ்சினிடம் வலிமை ஏற்கெனவே மிதமிஞ்சி இருக்கிறது; பஞ்சம் முழுவதும் பிடிமானத்துக்குத்தான். பந்தய வண்டிபோல எஞ்சினைப் பெரிதாக்கிக்கொண்டே போவதில் மலைப்பாறையில் ஒரு பலனும் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான். இந்த வண்டியின் மற்ற சாமர்த்தியங்கள் எல்லாம் இருக்கிற பிடிமானத்தை வீணாக்காமல் காப்பதற்கானவை.

இறங்கும்போதும் இந்தத் தாழ்ந்த கியர்தான் காப்பாற்றும். செங்குத்தான சரிவில் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் நின்றுவிடும், வண்டி நிற்காது. நின்ற சக்கரம் சறுக்கும். சறுக்கும் சக்கரம் ஸ்டியரிங் சொல்பேச்சு கேட்காது. கியரில் விட்டுவிட்டால், வண்டி முன்னே பாயப் பார்க்கும் ஒவ்வோர் அடிக்கும் எஞ்சினை 84 மடங்கு வேகத்தில் சுழற்றியாக வேண்டும். அந்தச் சிரமமே கடிவாளம்.

இனி டிஃபரன்ஷியல். மாட்டுவண்டிக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதன் இரண்டு சக்கரங்களும் அச்சில் தனித்தனியே சுழல்வதால், திருப்பத்தில் வெளிச்சக்கரம் அதிகமாகவும் உள்சக்கரம் குறைவாகவும் உருண்டுகொள்ளும். இழுப்பது மாடு, சக்கரம் உருண்டால் போதும். மோட்டார் வண்டியில் சக்கரமே தள்ள வேண்டும். இரண்டு சக்கரத்தையும் ஓட்டவும் வேண்டும், ஒன்றுக்கொன்று முந்தவும் விட வேண்டும். இதைச் செய்வதற்காக அச்சின் நடுவே பல்சக்கரக் கூட்டமாக உட்கார்ந்திருப்பதுதான் டிஃபரன்ஷியல்.

ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் எல்லாச் சக்தியும் அந்தச் சக்கரத்துக்கே ஓடிவிடுகிறது என்று பலரும் சொல்வார்கள். அது சரியல்ல. சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் எப்போதும் சமமான திருகுவிசையையே தரும். சிக்கலே அந்தச் சமத்துவத்தில்தான் இருக்கிறது. ஒரு தண்டின் நடுவில் மூட்டையைத் தொங்கவிட்டு இருவர் தோள்கொடுத்துத் தூக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தோளை விலக்கினால், மற்றவர் பீமனாக இருந்தாலும் மூட்டை எழாது. அவர் தோளில் பாரமே ஏறாது. அந்தரத்தில் சுழலும் சக்கரத்துக்கு எதிர்ப்பு இல்லை, அதனால் திருகுவிசை ஏறக்குறைய பூஜ்யம். பாறையில் கச்சிதமாக ஊன்றி நிற்கும் எதிர்ச்சக்கரத்துக்கும் அதே பூஜ்யம்தான்.

இதற்கு மருந்தை நம் வயற்காட்டில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சேற்றுழவில் டிராக்டரின் ஒரு சக்கரம் மட்டும் சுழன்று புதையும்போது ஓட்டுநர் காலடியில் இருக்கும் ஒரு சிறு மிதியை அழுத்துவார். உடனே இரண்டு பின்சக்கரங்களும் ஒரே தண்டில் பற்றவைத்ததுபோல் சேர்ந்து சுழலும், டிராக்டர் எழுந்துவிடும். டிஃபரன்ஷியல் லாக் என்பது அதுதான். கிளாடியேட்டர் ரூபிகானில் அது பின்னச்சிலும் உண்டு, முன்னச்சிலும் உண்டு. மிதிக்குப் பதில் பொத்தான், உள்ளே மின்காந்தம். இரண்டையும் பூட்டிவிட்டால், நான்கில் மூன்று சக்கரம் காற்றில் இருந்தாலும் மிச்சமிருக்கும் ஒன்று வண்டியை நகர்த்தப் பார்க்கும். விலையில்லாமல் வராது: முன்னச்சைப் பூட்டியதும் ஸ்டியரிங் கல்லாகிவிடும், வண்டி நேராகப் போகவே அடம்பிடிக்கும். பிடிப்புள்ள தார்ச்சாலையில் பூட்டித் திருப்பினால் டயர் அலறும், அச்சுத்தண்டு முறுக்கேறும். டிராக்டரிலும் பூட்டிய நிலையில் திருப்பாதே என்றுதான் சொல்லிக்கொடுப்பார்கள்.

சக்கரம் அந்தரத்தில் தொங்கிய பிறகு செய்யும் வைத்தியம் இது. தொங்கவே விடாமல் பார்த்துக்கொள்வது அதைவிட நல்லது. அங்கேதான் முன்னச்சின் வடிவம் வருகிறது. இன்றைய பிக்கப்புகள் பெரும்பாலானவற்றில் முன்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியே ஏறி இறங்கும். கிளாடியேட்டரில் இடதிலிருந்து வலதுவரை ஒரே இரும்பு அச்சு; தராசுத் தட்டைப்போல, ஒரு பக்கம் கல்லில் ஏறி உயர்ந்தால் மறுபக்கம் தானாகவே கீழே அழுந்திப் பள்ளத்தின் அடியைத் தேடும். ஆனால் சாலையில் ஓடும் வண்டி இப்படித் தாராளமாக வளைந்துகொடுத்தால் திருப்பத்தில் குடை சாயும். அதைத் தடுக்க இரு பக்கத்தையும் ஒரு எஃகுத் தண்டு முறுக்கிப் பிடித்திருக்கும். சாலையில் தோழனாக இருக்கும் அந்தத் தண்டு பாறையில் எதிரி. பழைய ஜீப்காரர்கள் தரையில் மல்லாந்து படுத்து, ஸ்பேனரால் அதைக் கழற்றிவிட்டுத்தான் மலையேறுவார்கள். ரூபிகானில் ஒரு பொத்தானை அழுத்தினால் தண்டு நடுவில் இரண்டாகப் பிரிந்துகொள்ளும். வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரை நெருங்கினால் மறுபடி தானே கோத்துக்கொள்ளும். இந்த வண்டியில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு பாகத்தைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

ஒற்றை அச்சு எல்லா இடத்துக்கும் ஏற்றதல்ல. மணற்பாலைவனத்தில் வேகமாகப் பறக்கும்போது அந்தக் கனத்த இரும்பு முழுவதும் சேர்ந்து குதிக்கும். அதனால்தான் போட்டியாளரான ஷெவர்லே கொலராடோ, 2017-இல் வந்த தன் இசட்-ஆர்-2 வகையில் தனித்தனி முன்சக்கரங்களை வைத்துக்கொண்டு, கனடாவின் மல்டிமேட்டிக் நிறுவனம் பந்தயக் கார்களுக்காக வளர்த்தெடுத்த அதிர்வுத் தாங்கிகளைப் பூட்டியது. வேகமாகப் போக அது, ஊர்ந்து போக இது.

டயருக்கு வருவோம். யூட்டா மாநிலத்தின் மோவாப் ஊரைச் சுற்றியுள்ள செம்மணற்கல் மேடுகளுக்கு ‘வழுக்குப்பாறை’ என்று பொருள்படும் பெயர். குதிரைகளின் இரும்பு லாடமும் வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையும் வழுக்கியதால் அந்தக் காலத்தவர்கள் வைத்தது. ரப்பருக்கு அதே பாறை உப்புத்தாள். 1967 முதல் ஈஸ்டர் சமயத்தில் ஜீப்காரர்கள் அங்கே திரள்கிறார்கள். தடம் தொடங்கும் இடத்தில் முதல் வேலை, டயரிலிருந்து பாதிக் காற்றை இறக்குவது. ஒரு சக்கரத்தின்மேல் சுமார் 575 கிலோ பாரம். டயருக்குள் சதுர சென்டிமீட்டருக்கு 2.5 கிலோ அழுத்தம் இருந்தால், அந்தப் பாரத்தைச் சுமக்க ஏறத்தாழ 230 சதுர சென்டிமீட்டர் ரப்பர் தரையில் பட வேண்டும்; உள்ளங்கை அகல விரித்துவைத்த அளவைவிடக் கொஞ்சம் கூட. அழுத்தத்தைப் பாதியாக்கினால் பரப்பு இரட்டிக்கும். தளர்ந்த ரப்பர் கல்லின் முனைகளைச் சுற்றி ஒட்டகப் பாதம்போல் மடிந்து கவ்விக்கொள்ளும். பல லட்சம் ரூபாய்ப் பொறியியலுக்கு நிகராக, ஐந்து நிமிடத்தில் ‘உஸ்’ என்று வெளியேறும் காற்று வேலை செய்கிறது.

எல்லாம் சரி, பிக்கப்பாக இருப்பதில் ஒரு இடறல் உண்டு. பின்னால் ஐந்தடித் தொட்டி வேண்டுமென்றால் வண்டியை நீட்டியாக வேண்டும். இரண்டு கதவு ரேங்ளர் ஜீப்பில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைவெளி 2.46 மீட்டர், கிளாடியேட்டரில் 3.49 மீட்டர். முன்பக்கத்தில் குறையில்லை. ஏறத்தாழ 43 பாகை சாய்ந்த பாறையைக்கூட பம்பர் படாமல் டயர் தொட்டுவிடும். நடுவயிறுதான் சங்கடம். கூரான மேட்டைத் தாண்டும்போது அடிப்பகுதி தட்டாமல் சமாளிக்கும் கோணம் இரண்டு கதவு ரேங்ளருக்கு 28 பாகையை ஒட்டி வரும். இதற்கு 20 சொச்சம்தான். பின்னே நீண்டிருக்கும் தொட்டி இறங்கும்போது தரையைத் தேய்க்கப் பார்க்கும். தூய மலையேற்றக்காரர்கள் இதைக் காட்டி உதட்டைப் பிதுக்குவார்கள். அவர்கள் சொல்வது நியாயம்தான்.

ஆனாலும் வாங்குகிறவர்கள் வாங்கினார்கள். வாரநாளில் அலுவலகம், சனிக்கிழமை தொட்டியில் மோட்டார் சைக்கிளோ கூடாரமோ, ஞாயிற்றுக்கிழமை கூரையையும் கதவையும் கழற்றிவைத்துவிட்டு ஆற்றங்கரை. 76 சென்டிமீட்டர் ஆழத் தண்ணீரில் இறங்கலாம் என்று நிறுவனம் சொல்கிறது; அதில் இறங்காதவருக்கும் இறங்கலாம் என்ற நினைப்பு இனிக்கத்தானே செய்யும். இதைப் பாசாங்கு என்று நான் சொல்லமாட்டேன். கையால் மாற்றும் கியரைத்தான் 2025 மாடலிலிருந்து கைவிட்டுவிட்டார்கள். தானியங்கி கியரில் அந்த 84 என்பது 77 ஆகிவிடுகிறது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

அந்த நீண்ட வாலுக்கு வடிவமைத்தவர்கள் கண்டுபிடித்த தீர்வு நேர்மையானது. ரூபிகானில் கதவுகளுக்குக் கீழே பாறை தாங்கும் எஃகுத் தண்டுகள் இருப்பதோடு, தொட்டியின் பின்மூலைகளுக்கு அடியிலும் குட்டையாக இரண்டு வைத்திருக்கிறார்கள். இங்கே இடிக்கத்தான் போகிறது, இடித்துக்கொள் என்று சொல்லாமல் சொல்வதுபோல. யாருடைய வண்டியாவது நின்றுகொண்டிருந்தால் குனிந்து அந்தக் குட்டைத் தண்டைப் பாருங்கள். அதன் கறுப்புச் சாயம் உரிந்து உள்ளே இரும்பு மின்னினால், வண்டிக்காரர் தார்ச்சாலையை விட்டு இறங்கியிருக்கிறார்.