டிரில்லுக்கு செத்துப்போன பேட்டரி டார்ச்சுக்கு மட்டும் எப்படி உயிரோட இருக்கு?

சுவத்துல ஓட்டை போட்டுட்டு இருக்கும்போது பாதில டிரில் முனகிட்டு நின்னுபோச்சு. ஸ்விட்ச்சை அமுக்குனா ஒரு சுத்து சுத்தும், மறுபடி நின்னுடும். பழைய பேட்டரி பேக், நாலு வருஷமா நல்லா அடி வாங்கினது, சரி இதோட கதை முடிஞ்சுதுன்னு கழட்டி, அதே பேக் போடுற டார்ச் ஒண்ணு கிடந்துச்சு, சும்மா அதுல மாட்டிப் பாத்தா பளிச்னு எரியுது! அணையும் அணையும்னு பாத்தேன், ரெண்டு மணி நேரம் ஓடுச்சு.

மீட்டர் வச்சுப் பாத்தா பேக்ல 18 வோல்ட் காட்டுச்சு. அப்போ சார்ஜ் இருக்கு, டிரில் மட்டும் ஏன் ஓடல?

பேக்குக்குள்ள இருக்கிறது சின்னச் சின்ன லித்தியம் செல்லுங்கதான், ஒண்ணு 3.6 வோல்ட், அஞ்சை வரிசையா கோத்தா 18. 5 ஆம்ப்-ஹவர் பேக்னா, அதாவது 5 ஆம்ப் வீதம் ஒரு மணி நேரம் குடுக்கிற அளவுன்னா, பெரும்பாலும் இந்த மாதிரி ரெண்டு வரிசை, ஆக பத்து செல். செல்லுக்கு வயசாக ஆக உள்ளுக்குள்ள ரெசிஸ்டன்ஸ் ஏறும், அதாவது கரன்ட் வெளிய வர்ற வழி குறுகிப்போகும். என் பேக்ல 0.2 ஓம்னு வச்சுக்கோங்க. டிரில் பிட் சிமென்ட்ல திணறும்போது 30 ஆம்ப் வரைக்கும் இழுக்கும், 30 பெருக்கல் 0.2, ஆறு வோல்ட் பேக்குக்குள்ளயே சூடா போயிடும், வெளிய வர்றது 12 தான். ஒரு செல்லுக்குக் கணக்கு போட்டா 2.4 வோல்ட், பொதுவா 2.5-க்குக் கீழ இறங்க விடக்கூடாது, அதனால பாதுகாப்பு சர்க்யூட் டக்குன்னு கட் பண்ணிடுது. கையை எடுத்ததும் வோல்டேஜ் பழையபடி ஏறிக்கும், மீட்டர் 18 காட்டும். டார்ச் இழுக்கிறது அரை ஆம்ப் சொச்சம்தான், அதுக்கு 0.1 வோல்ட் இறங்குமா? அதுக்குத் தெரியவே தெரியாது.

இன்னொண்ணு, வெள்ளை எல்இடி ஒண்ணுக்கு ஏறக்குறைய 3 வோல்ட் போதும், 18-ஐ நேரா குடுத்தா அந்த நொடியே கருகிடும். அதனால நடுவுல ஒரு குட்டி சர்க்யூட் போர்டு, அதுல ஒரு காயிலும் (கம்பிச் சுருள்) ஸ்விட்ச்சும். ஸ்விட்ச் ஒரு நொடிக்கு லட்சக்கணக்கான தடவை ஆன் ஆகி ஆஃப் ஆகும், காயில் அந்தத் துண்டு துண்டான கரன்ட்டை ஒரே சீரா மாத்தும், சைக்கிளை அப்பப்ப ஒரு மிதி மிதிச்சா போதும், நடுவுல தானா உருண்டுட்டே போகுமே, அதேதான். பேக்ல இருந்து அரை ஆம்ப் எடுத்து எல்இடிக்கு 3 ஆம்ப் கிட்ட குடுக்கும், வோல்ட் குறைஞ்ச அளவுக்கு ஆம்ப் கூடிடுது. புது பேக்ல 18 பெருக்கல் 5, 90 வாட்-ஹவர் இருக்கும், 10 வாட் டார்ச்னா எட்டு மணி நேரமாவது தாங்கும்.

ஆனா இதுல ஒரு சிக்கல். பேக் இறங்க இறங்க போர்டு கொஞ்சம் கூடுதலா இழுத்து வெளிச்சத்தை அப்படியே வச்சுக்கும், பழைய செல் டார்ச் மாதிரி மங்கி மங்கி எச்சரிக்காது. கடைசில பட்டுனு அணைஞ்சுடும், மொட்டை மாடிலயோ கார் அடியிலயோ படுத்திருக்கும்போதுதான் அது நடக்கும்!

டார்ச்லயே பேக்கை மாட்டி மாசக்கணக்கா விட்டுடாதீங்க. சில டார்ச்ல ஆஃப் பண்ணியிருந்தாலும் போர்டு துளித்துளியா குடிச்சுட்டே இருக்கும், வோல்டேஜ் ரொம்ப இறங்கினா கட் பண்ற வேலையும் சில பேக்ல உள்ளேயே இருக்கு, சிலதுல கருவி பாத்துக்கும்னு விட்டிருப்பாங்க. செல் ரொம்ப ஆழமா இறங்கிட்டா உள்ள இருக்கிற செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கும், திரும்ப சார்ஜ் ஏத்தும்போது அந்தச் செம்பு வேற இடத்துல படிஞ்சு உள்ளேயே ஷார்ட் ஆகலாம். சார்ஜர் அப்படிப்பட்ட பேக்கை ஏத்துக்க மாட்டேன்னு சொல்றது இதுக்குத்தான், வேற பேட்டரில இருந்து ஒயர் குடுத்து எழுப்புற வேலையெல்லாம் வேண்டாம். வீங்கினது, சும்மா இருக்கும்போதே சூடாகுறது, இதையெல்லாம் டார்ச்ல கூட போடாதீங்க.

என்னுது வீங்கல, சூடும் இல்ல. மேல மார்க்கர்ல 'டார்ச் மட்டும்'னு எழுதி வச்சுட்டேன், இல்லேன்னா வீட்ல யாராவது எடுத்து டிரில்ல மாட்டிட்டு டிரில் ரிப்பேர்னு வந்து நிப்பாங்க.