ட்ரிவியா: பேஸ்பால் அட்டையின் பின்பக்கத்துக்கு ஏற்ற தமிழ்ச்சொல்

ட்ரிவியாவை 'அற்பச் செய்தி' என்று எழுதுகிறவர்கள் சொல்லின் வேரைப் பார்க்கிறார்கள், புழக்கத்தைப் பார்ப்பதில்லை. முன்பக்கம் ஆட்டக்காரரின் படமும் பின்பக்கம் அவரைப் பற்றிய எழுத்துமாக, சேகரிப்பதற்கென்று வந்த சிறு அட்டைதான் பேஸ்பால் அட்டை. பழைய அமெரிக்க அட்டை ஒன்றின் பின்பக்கத்தை ஒருமுறை படித்தவர்கள் அப்படி எழுதமாட்டார்கள்.

வேர் லத்தீன். 'ட்ரி' மூன்று, 'வியா' வழி. ட்ரிவியம் என்றால் முச்சந்தி. முச்சந்தியில் கிடைப்பது மலிவு என்பதால் 'ட்ரிவியாலிஸ்' சாதாரணமானதைக் குறித்தது. இடைக்கால ஐரோப்பாவில் இலக்கணம், தருக்கம், அணியியல் ஆகிய மூன்று பாடங்களுக்கும் சேர்த்து ட்ரிவியம் என்றே பெயர். தேவை இல்லாவிட்டாலும் தெரிந்தால் சொல்லிக்காட்டத் தோன்றும் தகவல் என்ற இன்றைய பொருள், 1960களில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் கேள்வி விளையாட்டால் பரவியது.

பேஸ்பால் அட்டைகளில் இந்த வகைச் சரக்கு அதற்கு முன்பே வந்துவிட்டது. 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளில் வந்த, டி206 எனப்படும் அட்டை வரிசையின் பின்பக்கம் வெறும் விளம்பரம். 1952இல் அட்டை வெளியிடும் டாப்ஸ் நிறுவனம் 407 அட்டைகள் வெளியிட்டபோது பின்பக்கத்தில் ஒரு பத்தி வாழ்க்கைக் குறிப்பும், போன ஆண்டு ஆட்டக் கணக்கும், மொத்த ஆட்டக் கணக்கும் இருந்தன. 1953இல் கேள்வி-பதில் கட்டம் சேர்ந்தது. 1957இல் அட்டை இரண்டரைக்கு மூன்றரை அங்குலமாகச் சுருங்கியது. ஆண்டுவாரியான முழுக் கணக்கும் அதே ஆண்டில்தான் வந்தது. இடத்துக்குப் போட்டி வந்தது அப்போதுதான். பதினைந்து ஆண்டு ஆடியவரின் அட்டவணையே அட்டையை நிரப்பிவிடும். புதியவருக்கு இரண்டே வரி. மிச்ச இடத்தில் கேலிச்சித்திரமும் அதன் கீழ் ஒரு வரியும். அதனால் அந்த ஒரு வரிச் செய்திகளைத் தேடுபவர்கள் நட்சத்திரங்களை விட்டு, பெயர் தெரியாதவர்களின் அட்டைகளைப் புரட்டுவதே நல்லது.

துணுக்கு: பரிந்துரைக்கும் சொல் இதுதான். துணித்தல் என்றால் வெட்டுதல். துணி, துண்டம், துணுக்கு எல்லாம் ஒரே குடும்பம். பத்திரிகையில் கட்டுரை முடிந்து மிஞ்சும் இடத்தை நிரப்பும் சிறு செய்திக்குத் தமிழ் வாசகர்கள் ஏற்கெனவே வழங்கும் பெயர். தமிழ்வாணனின் 'கல்கண்டு' இதழின் வாசகர்களுக்கு விளக்கவே வேண்டாம். அட்டையிலும் அது மிஞ்சிய இடத்துச் சரக்குதான், ஆகவே பொருத்தம் இரட்டிப்பு.

எதைத் துணுக்கு என்பது? பிறந்த ஊர், உயரம், எடை, எந்தக் கையால் அடிப்பார் என்பதெல்லாம் குறிப்பு. அடித்த ஓட்டம், சராசரி ஆகியவை புள்ளிவிவரம். பிட்ஸ்பர்க் அணியின் ரிச்சி ஹெப்னர் ஆட்டமில்லாத மாதங்களில் கல்லறைக் குழி தோண்டினார் என்பது துணுக்கு. இந்த 'ஓய்வுக்கால வேலை' வகைத் துணுக்குகள் ஏராளம், காரணம் சம்பளம். 1967 வரை பெருந்தொடர் (மேஜர் லீக்) ஆட்டக்காரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 6,000 டாலர்தான். கடையில் விற்பனை, தச்சு, காப்பீட்டு முகவர் வேலை என்று குளிர்காலத்தை ஓட்டினார்கள். சிறுவர்களுக்கு வேடிக்கையாகத் தெரிந்த அந்த வரி இன்று கூலி வரலாறாகவும் படிக்கத் தகுந்தது.

கேள்வி வடிவில் இருந்தால் 'வினாத் துணுக்கு' எனலாம். 'வினாடி வினா' போட்டியைக் குறிக்கும், அட்டைக்கு ஒட்டாது. 'பொது அறிவு' தேர்வு வாடை அடிக்கும் சொல். 1964 டாப்ஸ் வரிசையில் வினாத் துணுக்கின் விடை வெள்ளைக் கட்டத்தில் மறைந்திருக்கும். நாணயத்தின் விளிம்பால் தேய்த்தால் தெரியும். ஒருமுறை தேய்த்தால் தடம் போகாது, சேகரிப்பாளர்களிடம் விலையும் இறங்கும். வாங்கும்போது அந்தக் கட்டத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பசை போட்டு ஆல்பத்தில் ஒட்டிப் பிரித்த அட்டையில் முதலில் உரிந்து போவது பின்பக்க எழுத்து. முன்பக்கப் படத்தை மட்டும் பார்த்து ஏமாறுவது இப்படித்தான்.

சொற்களைக் கலக்காமல் வைத்திருந்தால் அச்சில் தவறு நேர்ந்த பிழை அட்டைகளுக்குச் சரியாகப் பெயரிடலாம். 1952 டாப்ஸ் வரிசையில் 48ஆம் எண் ஜோ பேஜ், 49ஆம் எண் ஜானி செயின், இருவருமே பந்துவீச்சாளர்கள். கறுப்பு மையில் பின்பக்கம் அச்சான பிரதிகள் சிலவற்றில் ஒருவர் கதை மற்றவர் முதுகில் ஏறிவிட்டது. மாறிப்போனது வாழ்க்கைக் குறிப்பு என்பதால், இதைத் துணுக்குப் பிழை என்று பட்டியலில் எழுதக் கூடாது. 'குறிப்பு மாறிய அட்டை' என்பதே சரி.