சுருக்கெழுத்தர் வில்லை: ஒரு ஜெர்மன் சொல்லுக்குத் தமிழ்

ஷ்டெனோகிராஃபன்ஆப்ட்ஸைஷென். நாக்கு சுளுக்கும் இந்தச் சொல் குறிப்பதோ ஒரு சின்னஞ்சிறு பொருளை. ஜெர்மன் சுருக்கெழுத்தர் சங்கத்தினர் கோட்டு மடிப்பில் குத்திக்கொண்ட உலோக அடையாளம் அது. பழைய சங்கச் சான்றிதழ்களோடு சேர்த்து இவற்றைத் தேடித் திரட்டுகிறவர்கள் உண்டு. தமிழில் எழுத வந்தால் கை தானாக ‘ஸ்டெனோகிராபர் பதக்கம்’ என்று போட்டுவிடும். இரண்டு பாதியையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம்.

முதல் பாதி எளிது. கிரேக்கத்தில் ‘ஸ்டெனோஸ்’ என்றால் குறுகலானது, இடுக்கமானது. ‘கிராஃபெய்ன்’ என்றால் எழுதுதல். ஜான் வில்லிஸ் என்ற ஆங்கிலேயர் 1602-இல் தம் நூலின் தலைப்பில் ‘ஸ்டெனோகிராஃபி’ என்று வைத்தார். மியூனிக் நகரத்து அரசு எழுத்தர் ஃப்ரான்ஸ் க்சாவர் காபெல்ஸ்பெர்கர் 1834-இல் தம் முறையை அச்சிட்டபோது சொந்தமாக ஒரு சொல் கட்டினார்: ‘ரேடெட்ஸைஷென்குன்ஸ்ட்’. பேச்சுக்குறிக் கலை என்று பொருள். அழகான சொல்தான். ஆனால் தலைப்பிலேயே ‘அல்லது ஸ்டெனோகிராஃபி’ என்று ஒரு வாலையும் ஒட்டியிருந்தார். வால்தான் நிலைத்தது.

பிறமொழிச் சொல் வேண்டாம் என்ற ஜெர்மானியர்க்கு இன்னொரு சொல் கிடைத்தது: ‘குர்ட்ஸ்ஷ்ரிஃப்ட்’. குட்டை எழுத்து என்று பொருள். வேடிக்கை என்னவென்றால், ‘குர்ட்ஸ்’ லத்தீன் ‘குர்டுஸ்’ என்பதிலிருந்து வந்தது. ‘ஷ்ரிஃப்ட்’டுக்கும் லத்தீன் வேர்தான். முன்வாசலில் அனுப்பிய கிரேக்கத்துக்குப் பதில் கொல்லைப்புறமாக லத்தீன் வந்து உட்கார்ந்துகொண்டது. தமிழின் ‘சுருக்கெழுத்து’ இந்த இடத்தில் ஜெர்மனைவிடக் கிரேக்க மூலத்துக்கு நெருங்கி நிற்கிறது. பாட்டிமார் இடுப்பில் செருகும் சுருக்குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். நாடாவை இழுத்தால் வாய் குறுகும். அந்தக் குறுகல்தான் ‘ஸ்டெனோஸ்’. ஆகவே சுருக்கெழுத்து, சுருக்கெழுத்தர். இதில் மாற்ற ஒன்றுமில்லை.

இரண்டாம் பாதியில்தான் சிக்கல். ‘ஆப்ட்ஸைஷென்’ என்பதில் ‘ட்ஸைஷென்’ என்றால் குறி. அணிபவர் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று காட்டும் குறி. பதக்கம் வேறு, அது கழுத்திலோ மார்பிலோ தொங்குவது, வென்றதற்குத் தருவது. சங்க உறுப்பினர் ஒவ்வொருவரும் குத்திக்கொண்டதைப் பதக்கம் என்றால் வெல்லாதவரையும் வென்றவராக்கிவிடுவோம். ‘சின்னம்’ பொருந்தும், ஆனால் அது தேர்தல் சுவரில் வரைந்ததையும் குறிக்கும், நினைவுத் தூணையும் குறிக்கும். எனக்குப் பிடித்தது ‘வில்லை’. பழைய கச்சேரிகளில், அதாவது அரசு அலுவலகங்களில், பித்தளை அடையாளத் தகடு அணிந்த சேவகனை ‘வில்லைச் சேவகன்’ என்றே அழைத்தார்கள். சிறியது, தட்டையானது, உடையில் குத்துவது, யார் என்று சொல்வது: எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. இத்தகைய பொருள்களைத் திரட்டி ஆராய்வதற்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் ‘ஃபாலரிஸ்டிக்’ என்ற பெயரும், ரோமானிய வீரர் மார்பில் அணிந்த ‘ஃபாலெரா’ என்ற உலோக வட்டுகளிலிருந்து வந்ததுதான். அதுவும் வில்லையே.

சிறப்புச் செய்யத் தரும் வில்லைக்கு ஜெர்மனில் ‘ஏரென்நாடெல்’ என்று பெயர். நேராகச் சொன்னால் மதிப்பூசி. தமிழில் கேட்டால் தடுப்பூசி நினைவு வரும். ‘மதிப்பு வில்லை’ போதும்.

வில்லையில் சங்கப் பெயரோடு வரும் முறைப்பெயரைத்தான் திரட்டுபவர் முதலில் பார்க்க வேண்டும். ஜெர்மன் சுருக்கெழுத்து ஒன்றல்ல. காபெல்ஸ்பெர்கர் முறைக்கு எதிராக பெர்லினில் வில்ஹெல்ம் ஷ்டோல்ட்ஸெ 1841-இல் தம் முறையை வெளியிட்டார். ஃபெர்டினாண்ட் ஷ்ரை 1887-இல் இன்னொன்று கொண்டுவந்தார். பிந்தைய இரண்டும் 1897-இல் ஷ்டோல்ட்ஸெ-ஷ்ரை என்று இணைந்தன. முறைக்கு முறை தனிச் சங்கம், தனி வில்லை. 1924-இல் ‘ஐன்ஹைட்ஸ்குர்ட்ஸ்ஷ்ரிஃப்ட்’ என்ற பொதுமுறை வந்து இந்தப் பூசலை அடக்கியது. சுவிட்சர்லாந்து மட்டும் ஷ்டோல்ட்ஸெ-ஷ்ரையை விடவில்லை. ஆகவே அந்தப் பெயரோடு 1924-க்குப் பிந்திய ஆண்டு போட்ட வில்லை கிடைத்தால், அது சுவிஸ் வில்லையா என்று பார்ப்பது நல்லது. (முறை ஒழிந்தாலும் பழகிய கை விடாது. தர்க்க அறிஞர் குர்ட் கேடெலின் குறிப்பேடுகள் காபெல்ஸ்பெர்கர் எழுத்தில்தான் இருக்கின்றன.) நாஜி ஆட்சியில் சங்கங்கள் ‘டாய்ச்செ ஷ்டெனோகிராஃபன்ஷாஃப்ட்’ என்ற ஒரே அமைப்புக்குள் அடைக்கப்பட்டன. அக்காலப் பொருளில் நாஜிகளின் கொக்கிச் சிலுவை இருந்தால், அதைப் பொதுவில் காட்டுவதற்கு இன்றைய ஜெர்மன் சட்டத்தில் தடை உண்டு. ஆய்வு, கல்வி போன்றவற்றுக்கே விலக்கு.

சான்றிதழ்களில் ‘120 ஸில்பென்’ என்பது போல வரும். அது நிமிடத்துக்கு 120 சொல் அல்ல, 120 அசை. நம்மூர்த் தேர்வில் சொற்கணக்கு; அங்கே அசைக்கணக்கு. ‘ஷ்டெனோகிராஃபன்ஃபெரைன்’, அதாவது சுருக்கெழுத்தர் சங்கம், என்ற ஒரே சொல்லுக்கு ஆறு அசை. ‘அசை’ என்றதும் நேர், நிரை என்று எண்ணத் தொடங்கிவிடக் கூடாது. யாப்பில் ‘படு’ ஒரே அசை, நிரை. ஜெர்மானியர் எண்ணினால் இரண்டு.

கடைசியாக ‘ஊர்குண்டெ’. பழைய ஜெர்மனில் சாட்சியம் என்று பொருள்பட்ட சொல். நம் ‘சான்று’ம் அதே வழியில் வந்ததால் ‘சான்றிதழ்’ சட்டை போல் பொருந்துகிறது. ஓர் இடத்தில் மட்டும் பொருந்தாது. பழைய பாடநூலிலோ தாளிலோ ‘வீனர் ஊர்குண்டெ’ என்று இருந்தால், அது வியன்னாவில் யாரோ வாங்கிய சான்றிதழ் அல்ல. பொதுமுறையை 1968-இல் திருத்தி வகுத்த ஆவணத்தின் பெயர் அது. அந்தத் திருத்திய முறையையே இந்தப் பெயரால் குறிக்கிறார்கள். அங்கே ‘வியன்னாப் பட்டயம்’ என்றுதான் எழுத வேண்டும்.