பாதாம், வாதுமை, நாட்டு வாதுமை

மதுரையின் பழைய பங்களாத் தோட்டங்களிலும் பள்ளி வளாகங்களிலும் காணும் மரஞ்செடிகளைக் கைபேசியில் படமெடுத்துப் பகிர்ந்துகொள்வது எங்கள் உறவினரிடையே சில ஆண்டுகளாக வழக்கமாக இருக்கிறது. அப்படி வரும் படங்களில், தட்டுத் தட்டாகக் கிளை விரித்து, உதிரும் முன் செம்பு நிறமாகச் சிவந்த அகன்ற இலைகளோடு நிற்கும் ஒரு மரத்தை அடிக்கடி பார்க்கிறேன். அதன் கீழே பெரும்பாலும் ‘பாதாம் மரம்’ என்று எழுதியிருப்பார்கள்.

‘பாதாம்’ பாரசீகச் சொல். இடைக்காலப் பாரசீகத்தில் அது ‘வாதாம்’ என்று வகரத்தில் தொடங்கியது; பின்னரே பகரமாயிற்று. வடமொழி மருத்துவ நூல்களில் அது ‘வாதாம’ என்று வழங்குகிறது. நம் ‘வாதுமை’யும் இந்தக் குடும்பத்துச் சொல்லே ஆதலால், ‘பாதாம்’ என்பதை விட ‘வாதுமை’யில்தான் அந்தப் பழைய முதலெழுத்து இன்னும் நிற்கிறது. வேர் தமிழல்ல என்றாலும், தமிழின் ஒலிக்கு இசைந்து, எழுத்தில் நெடுங்காலம் பழகிய வாதுமையையே நான் தமிழ்ச்சொல்லாக ஏற்கிறேன்.

ஆனால் வாதுமை என்ற பெயருக்கு உரிய மரம் வேறு. கடையில் பாதாம் பருப்பு என்று நாம் வாங்குவது ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்த புரூனஸ் டல்சிஸ் என்னும் மரத்தின் விதை. ஈரான், காஷ்மீர், கலிபோர்னியா போலக் குளிர்காலம் உள்ள இடங்களில் அது விளைகிறது. பூத்துக் காய்ப்பதற்கு முன் அதற்குக் குளிர் வேண்டும். மதுரை வெயிலில் அதற்கு வழியில்லை. நம் தோட்டத்து மரம் டெர்மினாலியா கட்டப்பா. 1767-இல் லின்னேயஸ் இட்ட இப்பெயரின் முற்பகுதி, இலைகள் கிளை நுனியில் கொத்தாக அமைவதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்தும், பிற்பகுதி ‘கெத்தாபாங்’ என்னும் மலாய்ப் பெயரிலிருந்தும் வந்தவை. கடுக்காயும் தான்றியும் வைகைக்கரை போன்ற நீர்க்கரைகளுக்கு உரிய நீர்மருதும் இதே பேரினம் என்பதை அறிந்த நாளிலிருந்து, சுற்றுக் கிராமத்தார் மதுரையை ‘மருதை’ என்று சொல்லக் கேட்கும்போதெல்லாம் இந்த மரமும் எனக்கு நினைவுக்கு வருகிறது.

இரண்டின் கொட்டையும் வடிவில் ஒத்திருப்பதே பெயர்க் குழப்பத்துக்குக் காரணம். கொட்டை, பருப்பு என்ற இரு சொற்களையும் இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். ஓட்டோடு கூடியது கொட்டை. ஓட்டை உடைத்தால் உள்ளே இருப்பது பருப்பு. பள்ளி விட்டதும் மரத்தடியில் பழம் பொறுக்கி, புளிப்பும் துவர்ப்புமான சதையைக் கடித்துத் தின்று, நாரோடு எஞ்சியதைக் கல்லால் தட்டி, சுருட்டி வைத்தாற்போல் இருக்கும் மெல்லிய பருப்பை நசுங்காமல் எடுத்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பருப்பும் உண்ணத்தக்கதே. சுவையிலும் வாதுமையை நினைவூட்டும்.

ஜிகர்தண்டாவில் சேரும் பாதாம் பிசின் இந்த மரத்தில் வடிவதென்று சிலர் நம்புகிறார்கள். அப்பெயரில் உள்ள பாதாமும் கடைப் பருப்புக்குரிய பாதாமே. தெருவோரத்து மரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஆகவே கடைப் பருப்பின் மரத்தை வாதுமை என்றும், நம் ஊர் மரத்தை நாட்டு வாதுமை என்றும் எழுதுவதே சரி. ‘நாட்டு’ என்ற அடைமொழி இங்கே தோன்றிய மரம் என்ற பொருளைத் தராது. மலேயா உள்ளிட்ட வெப்பமண்டலக் கடற்கரைகள் அதன் தாயகப் பகுதி. கடையில் விற்கும் சீமைச் சரக்கிலிருந்து, நம் முற்றத்தில் நிற்பதைப் பிரித்துக் காட்டவே மக்கள் அதைச் சேர்த்தார்கள். பேச்சில் ‘வாதாங்கொட்டை மரம்’ என்று வழங்கும் பெயரும் எனக்கு மிகவும் பிடிக்கும். அதைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் ஒருவரும் கடைப் பருப்பை நினைப்பதில்லை, சிவந்த இலை உதிர்ந்து கிடக்கும் இந்த மரத்தடியையே நினைக்கிறார்கள்.