"டாக்குமெண்டா அனுப்புங்க" என்று கேட்டால்

எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகளைச் சுற்றி, வண்ணாரப்பேட்டை, ராயபுரம் சந்துகளில் வீட்டிலிருந்தபடியே ஆரி வேலையும் பிளவுஸ் தையலும் செய்கிற பெண்கள் நிறைய. அவர்களுக்கு வாட்ஸ்அப்தான் கடை. "படம் கிளியரா இல்லக்கா, டாக்குமெண்டா அனுப்புங்க" என்பார் வாடிக்கையாளர். பிரிண்ட் கடையிலும் இதே பேச்சு. கேட்பவர் தப்பாக எதுவும் கேட்கவில்லை. ஆனால் பிளவுஸ் படத்தோடு வீடு இருக்கும் இடமும் சேர்ந்து போய்விடலாம்.

போன் கேமரா எடுக்கும் படத்துக்குள் எக்ஸிஃப் என்றொரு குறிப்பு ஒளிந்திருக்கிறது. என்ன மாடல் போன், எந்தத் தேதி, எத்தனை மணி என்பதெல்லாம் அதில் இருக்கும். கேமராவில் லொக்கேஷன் ஆனில் இருந்தால் இடமும் பதிவாகும். ராயபுரம் ரயில் நிலையத்தருகே எடுத்த படம் என்றால், அட்சரேகை வடக்கே 13 டிகிரி 6 நிமிடம், தீர்க்கரேகை கிழக்கே 80 டிகிரி 17 நிமிடம் என்று தொடங்கி நொடிக் கணக்கு வரை எண்கள் ஓடும். இந்தக் கணக்கில் ஒரு நொடி என்பது தரையில் சுமார் 30 மீட்டர். நொடிக்குப் பின்னால் புள்ளி வைத்த எண்களும் உண்டு. சுவரோடு சுவர் ஒட்டிய சந்துகளில் ஜிபிஎஸ் கொஞ்சம் பிசகும். ஆனாலும் எந்தத் தெரு, எந்த நாலைந்து வீடு என்பது தெரிந்துவிடும். தேடுகிறவருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

2012 டிசம்பரில், தலைமறைவாக இருந்த, ஆன்டிவைரஸ் மென்பொருளால் பெயர்பெற்ற ஜான் மெக்காஃபி குவாத்தமாலாவில் இருப்பது வெளியே வந்தது இப்படித்தான். உடனிருந்த பத்திரிகையாளர்கள் வெளியிட்ட ஐபோன் படத்தில் இடக்குறிப்பு அப்படியே இருந்தது.

வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால், சுருக்கும்போதே இந்தக் குறிப்புகள் கழன்றுவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால் ஃபைல் கைபடாமல் போகும். டெலிகிராமில் ஃபைலாக அனுப்புவதும், மெயிலில் இணைப்பதும் அப்படியே.

முதல் வேலை, கேமராவிலேயே லொக்கேஷனை அணைப்பது. சாம்சங்கில் கேமரா செட்டிங்ஸுக்குள் 'லொக்கேஷன் டேக்ஸ்' என்றிருக்கும். ஐபோனில் செட்டிங்ஸ், பிரைவசி, லொக்கேஷன் சர்வீசஸ், கேமரா என்று போய் 'நெவர்' வையுங்கள். இது இனி எடுக்கும் படங்களுக்குத்தான். பழைய படத்தை ஐபோனிலிருந்து அனுப்பும்போது, ஷேர் அழுத்தியதும் மேலே தெரியும் 'ஆப்ஷன்ஸ்'ஸில் லொக்கேஷனை அணைத்துவிட்டு அனுப்பலாம். விண்டோஸில் படத்தை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் 'டீடெய்ல்ஸ்' பக்கத்தின் அடியில் உள்ள 'ரிமூவ் பிராப்பர்ட்டீஸ்' வரியை அழுத்துங்கள். குறிப்பு நீக்கிய நகல் ஒன்று பக்கத்திலேயே உருவாகும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: நகலை விட்டுவிட்டு அசலையே அனுப்பிவிடுகிறார்கள்.

எக்ஸிஃப்டூல் போன்ற மென்பொருளில் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் துடைத்தால் சில படங்கள் பக்கவாட்டில் படுத்துவிடும். நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும், போன் பல நேரம் படத்தைப் படுக்கையாகவே சேமித்து, 'திருப்பிக் காட்டு' என்று எக்ஸிஃபில் ஒரு குறிப்பு மட்டும் எழுதி வைக்கிறது. அதுவும் அழிந்துபோவதால் வரும் கோளாறு இது. நிறங்களை எப்படிக் காட்ட வேண்டும் என்று சொல்லும் கலர் புரொஃபைலும் சேர்ந்து போனால் ஐபோன் படத்தில் அரக்குச் சிவப்பு மங்கித் தெரியும். துணி விற்பவருக்கு அது பெரிய நஷ்டம். அதனால் படத்தைத் திருப்பிக் காட்டும் குறிப்பையும் கலர் புரொஃபைலையும் விட்டுவைத்து மற்றதை நீக்குங்கள்.

மோஷன் போட்டோவை மறக்காதீர்கள். படம் எடுத்த நேரத்துச் சின்ன வீடியோ, சில போன்களில் சத்தத்தோடு, அதே ஃபைலுக்குள் இருக்கும். இடத்தை மட்டும் நீக்கினால் அது போகாது. வீட்டுக்குள் பேசிய பேச்சு வெளியே போக வேண்டாம் என்றால் கேமராவிலேயே அதை அணைத்து வையுங்கள்.

நீக்கியது நிஜமாகவே நீங்கியதா என்று பார்க்க, படத்தை வீட்டிலுள்ள இன்னொரு போனுக்கு டாக்குமெண்டாக அனுப்பி, சேமித்து, கேலரியில் விவரங்களைத் திறந்து பாருங்கள். மேப் தெரிந்தால் இன்னும் இருக்கிறது என்று பொருள். தெரியாவிட்டால் அனுப்பலாம். அதற்கு முன் பிளவுஸுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும் ஒருமுறை பாருங்கள். கதவு எண்ணும் இ.பி. மீட்டர் அட்டையும் படத்திலேயே தெரிந்தால், குறிப்பு நீக்கும் எந்த மென்பொருளும் அதை அழிக்காது.